பல்லைப் பார்த்தீர்களா?



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டு டி.வி.யையும் வாசல் காற்றையும் விட்டுவிட்டு இந்த அரங்குக்கு வந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் தலை கவிழ்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளே! நான் பேசப்போவது உங்கள் கையிலிருக்கும் அந்தப் போனைப் பற்றித்தான். அதனால் பார்த்துக்கொண்டே கேளுங்கள், தப்பில்லை.

"உஷார்! உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்!" என்று நமக்கு வருகிற எச்சரிக்கைகளை, அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன் சரிபார்க்க வேண்டுமா? இதுதான் இன்றைய தலைப்பு. "வேண்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நாம் எல்லாரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள்தான். ஒப்புக்கொண்ட பிறகும் அனுப்புகிறோமே, அது ஏன்? அதைத்தான் பேச வேண்டும்.

காங்கேயம் காளை பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை மாதம் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். விற்கிறவர் என்ன சொல்லுவார்? "நாலு பல்லு கன்னுங்க, சாதுவான மாடுங்க, வண்டிக்கும் பழக்கியாச்சுங்க" என்பார். வாங்க வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். கேட்டுவிட்டு என்ன செய்வார்? நேராகப் போய் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்கிறவர் சொந்த மாமனாகவே இருந்தாலும் பல் பார்ப்பது நிற்காது. மாமனும் கோபித்துக்கொள்ள மாட்டார், ஏனென்றால் அவரும் நாளைக்கு இன்னொருவர் மாட்டுக்குப் பல் பார்க்கப் போகிறவர்தான்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை சொல்கிறவர் உண்டா? பஞ்சு வாங்குகிறவர் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு கை விரலிலும் இழுத்து இழை நீளம் பார்க்காமல் பேல் ஏற்றுவாரா? தேங்காய் வாங்கும் ஆத்தா தட்டிப் பார்க்காமல் பையில் போடுவாரா? சரிபார்ப்பது நமக்குப் புதுப் பாடம் இல்லை. இந்த மண்ணின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஒரு தேங்காய்க்குத் தட்டிப் பார்க்கிற கை, ஊரையே கிலியில் ஆழ்த்தும் செய்தியை மட்டும் தட்டிப் பார்க்காமல் நகர்த்துகிறதே, எப்படி?

எப்படி என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம். எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. "வெயில் அதிகமாகிறது. வண்டிக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போடாதீர்கள், வெடித்துவிடும். பாதி டேங்க் மட்டும் போடுங்கள். இந்தியன் ஆயில் நிறுவனம் எச்சரிக்கை." மகன் காலேஜுக்கு பைக்கில் போகிறான். மனசு பதறியது. எண்ணிப் பார்த்து ஆறு குழுவுக்கு அனுப்பினேன். அன்றைக்கே ஒருவர் கேட்டார்: "இது நெசமாங்க?" நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "தெரியலீங்க, எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்."

அந்த எச்சரிக்கையை இந்தியன் ஆயில் கொடுக்கவே இல்லை. கொடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே பலமுறை மறுத்துவிட்டது. வண்டி செய்கிறவர்கள் டேங்க் கொள்ளளவைக் குறிக்கும்போதே வெயிலுக்கு எரிபொருள் விரிவதற்கான இடத்தையும் கணக்கில் வைத்துத்தான் குறிக்கிறார்கள். பெட்ரோல் தானாகத் தீப்பற்ற 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடு வேண்டும். கோவையில் 40 டிகிரி வந்தாலே மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்துச் செய்தி. சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நாலு பேர் பாதி டேங்க் போட்டார்கள், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த "எதுக்கும் இருக்கட்டும்" என்ற சொல்லைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் கூண்டில் ஏற்றப்போகிறேன்.

2020, பிப்ரவரி மாதம். கொரோனா இன்னும் நம் தெருவுக்கு வரவில்லை, ஆனால் போனுக்கு வந்துவிட்டது. என்ன செய்தி? "கோழிக்கறி சாப்பிடாதீர்கள், கோழி மூலம் கொரோனா பரவுகிறது." கூடவே நோயில் செத்த கோழிகளின் படம். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். பேரன் பேத்திக்கு ஆகாதே என்ற அக்கறை. எதுக்கும் இருக்கட்டும்.

கறிக்கோழிக்குப் பல்லடம், முட்டைக்கு நாமக்கல். அந்த எதுக்கும்-இருக்கட்டும் யார் தலையில் விழுந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? கோழி என்ன இரும்புச் சாமானா, விலை வரும்வரை குடோனில் போட்டு வைக்க? நாற்பது நாற்பத்தைந்து நாளில் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் தினமும் தீவனம் தின்னும். விலை விழுந்தது, தீவனச் செலவுக்கே காணாத அளவுக்கு விழுந்தது. கடனில் கொட்டகை போட்டு வளர்ப்புக் கூலிக்குக் கோழி வளர்க்கிற விவசாயி, அடுத்த குஞ்சு எப்போது வரும் என்று கொட்டகையைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மக்காச்சோளம் போட்டவர், தீவன மில்லில் மூட்டை தூக்கியவர், கறிக்கடையில் கத்தி பிடித்தவர். கோழிக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று மத்திய அரசு சொன்னது. பிப்ரவரி கடைசியில் ஐதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறி, பொதுமக்கள் முன்னால் கோழிக்கறி சாப்பிட்டே காட்டினார்கள். அமைச்சர்கள் மேடையில் கறி தின்று காட்ட வேண்டிய நிலைமைக்கு நாட்டைக் கொண்டுவந்தது எது? நாம் விரலால் தொட்ட ஒரு அம்புக்குறி.

கோழி போனது, பணம் போனது. பணம் திரும்ப வந்துவிடும். அடுத்து நான் சொல்லப்போவதில் போனது பணம் மட்டும் இல்லை.

2023 மார்ச் முதல் வாரம். இங்கே இருக்கிற எல்லாருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே தீயாய்ப் பரவின. எந்த ஊர் என்று சொன்னார்கள்? திருப்பூர். கோவை. நம் ஊர்கள்! பீகார் சட்டமன்றத்தில் அமளி. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் வந்து விளக்கம் சொன்னார்: பரவுகிற வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்பு மோதிக்கொண்டது. இரண்டிலும் பீகார்த் தொழிலாளியைத் தமிழர் அடிக்கவில்லை. வேறு சில காட்சிகள் வேறு மாநிலத்துக் குற்றங்கள். ஒன்று இன்னும் விசேஷம். கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் அழுகிற வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுத்தது என்று பீகார் போலீசே கண்டுபிடித்தது. எடுத்தவர் கைதானார்; பரப்பிய யூடியூபர் ஒருவரும் கைதாகித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்.

அந்த வாரம் மார்ச் 8-ஆம் தேதி ஹோலி. நமக்குத் தீபாவளிக்கு ஊருக்குப் போவது போல அவர்கள் ஹோலிக்குப் போவார்கள். திருப்பூர் ஸ்டேஷனில், கோவை ஸ்டேஷனில், தன்பாத் ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் ஒவ்வொரு ஹோலிக்கும் ஈ நுழைய இடமிருக்காது. அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்து, "உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் பாருங்கள்" என்று போட்டார்கள். கூட்டம் நிஜம், ரயில் நிஜம், பெட்டியில் தொங்கியவர் நிஜம். பொய் எங்கே இருந்தது? கீழே எழுதிய ஒரு வரியில். வீடியோவே வந்துவிட்டதே, வீடியோ பொய் சொல்லுமா என்று கேட்கிறார்களே, அவர்களுக்கு இதுதான் பதில். வீடியோ பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

பயம் ஒருமுறை நுழைந்துவிட்டால் பிறகு நடக்கிற ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சி ஆகிவிடும். அதே நாட்களில் திருப்பூரில் தண்டவாளத்தைக் கடந்த பீகார்த் தொழிலாளி ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். வேறு மாதமாக இருந்தால் அது விபத்து. அந்த வாரத்தில் அது கொலை என்று சக தொழிலாளர்கள் திரண்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரிலிருந்து அம்மா போன் போட்டு அழுகிறாள், "வந்துடு ராஜா" என்கிறாள். அவன் என்ன செய்வான்? கண்காணிப்பு கேமரா காட்சியைக் காட்டி விளக்கிய பிறகுதான் அமைதியானார்கள்.

பீகார் அரசு நாலு அதிகாரிகள் கொண்ட குழுவை அனுப்பியது. திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடம் நேரில் கேட்டார்கள். குழுவுக்குத் தலைமை தாங்கிய பீகார் அரசுச் செயலாளரின் பெயர் பாலமுருகன். நம் தமிழர்! நம் ஊரில் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்த்துவர, பீகாரிலிருந்து ஒரு தமிழர் வந்தார். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்புவீர்களா?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்கே மட்டும்தான் வதந்தியா? அதே வருஷம் ஜனவரியில் திருப்பூரில் ஒரு தெருச் சண்டை வீடியோ வந்தது. வடமாநிலத்தவர் உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிற காட்சி. ஒரு கடைவாசல் தகராறை, "தமிழனுக்கு இனி இங்கே இடமில்லை" என்று நம் குழுக்களில்தான் ஊதி அனுப்பினார்கள். யார் அனுப்பியது? நாமா, அவர்களா? கணபதியில் பவுண்டரியில் கரி பூசி நிற்பவன், குறிச்சியில் லேத் ஓட்டுகிறவன், சோமனூரில் தறியடியில் படுத்துத் தூங்குகிறவன், இவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த வீடியோவை அனுப்பியவர் நம்மில் எத்தனை பேர்? இந்த அரங்கில் கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். தூக்கச் சொன்னால் என் கையும் கீழேதான் இருக்கும்.

பல்லைப் பார்த்தோமா? பார்க்கவில்லை.

இனி சொல்லப்போவது கனமானது. 2018, மே மாதம் 9-ஆம் தேதி. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறது. மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் கூட இருக்கிறார்கள். வழி தெரியவில்லை, நிறுத்திக் கேட்கிறார்கள். அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். அந்தப் பகுதியில் அப்போது எல்லார் போனிலும் ஒரே எச்சரிக்கை: பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், மிட்டாய் கொடுத்துக் கடத்துகிறார்கள், உஷார். கார் அடுத்த ஊருக்குப் போவதற்குள் போன் போய்விட்டது. கூட்டம் மறித்தது. 65 வயது அம்மாள் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். மற்றவர்கள் குற்றுயிராக மீட்கப்பட்டார்கள்.

குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்காமல் போனவர் நம்மில் யார்? காட்டுக்குள்ளே, ஆத்தோரத்திலே, எந்தப் பலகையும் இல்லாத இடத்தில் இருக்கும் கோயிலுக்கு வருஷம் ஒருமுறை போகிறோம். போகிற வழியில் பிள்ளைகளைப் பார்த்தால் கையில் இருக்கிற மிட்டாயைக் கொடுக்காத ஆத்தா உண்டா? அந்த அம்மாள் செய்த குற்றம் அதுதான்.

அடித்த கூட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையை அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்கள்? அவர்கள் இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றியதாகக்கூட நினைத்திருப்பார்கள்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோ ஒன்று உண்டு. பைக்கில் இருவர் வருகிறார்கள், தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானில் கராச்சியில், ஒரு குழந்தைகள் நல அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். கராச்சியில் குழந்தை கடத்துவது எவ்வளவு சுலபம் என்று அதில் எழுதியிருக்கும். யாரோ ஒருவர் அந்தக் கடைசிச் சில நொடிகளை வெட்டிவிட்டார். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், பெரியவர்களைக் கொல்லும் படமாகிவிட்டது.

அதே மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், பெண் பத்திரிகையாளர்களை இழிவு செய்த பதிவு ஒன்றைப் பகிர்ந்த வழக்கில், முன்ஜாமீன் மறுத்து ஒரு கருத்தைச் சொன்னது. ஒரு செய்தியைப் பகிர்வது என்றால் அதை ஏற்று ஆமோதிப்பது என்று பொருள். "நானாங்க எழுதினேன்? வந்ததை அனுப்பினேன்" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சாக்கு செல்லாது. சட்டத்துக்குப் பயந்து நல்லவராக இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கருத்து சட்டத்துக்கு வெளியிலும் சரியானது. சந்தையில் இன்னொருவர் மாட்டை நீங்கள் கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போனால், வழியில் கேட்கிறவனுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிடிக்கும் வதந்தியால் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. செய்தியின் மேலே ஒற்றை அம்பு இருந்தால், அனுப்பியவர் எழுதியது இல்லை என்று அர்த்தம். இரட்டை அம்பு இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து இரட்டை அம்புச் செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அப்படியே காப்பி செய்து புதிதாக ஒட்டினால் அம்புக்குறி காணாமல் போய்விடும். பால் மாடு என்று விற்க, கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுகிற வித்தை இது.

சரி, பல்லை எப்படிப் பார்ப்பது?

முதலில் தேதியும் ஊரும். "நேற்று இரவு" என்று இருந்தால், எந்த நேற்று? "நம்ம பக்கத்துல" என்று இருந்தால், எந்தப் பக்கம்? இங்கே ஒரு உதாரணம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முழுப் பொய்யைவிட இது மோசம். 2019 கடைசியில், பஞ்சாபில் லூதியானா போலீஸ் ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தது. இரவில் வண்டி கிடைக்காத பெண்கள் ஒரு எண்ணுக்குப் போன் செய்தால், போலீஸ் வண்டி வந்து வீட்டில் கொண்டுபோய் விடும். செய்தி உண்மை, எண்ணும் உண்மை. யாரோ லூதியானா என்ற ஒரே சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். இந்தியா முழுக்கப் பரவியது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக நிற்கிற பெண், அந்த எண்ணை நம்பிப் போன் செய்கிறாள் என்று வையுங்கள். மணி லூதியானாவில் அடிக்கும். எதுக்கும் இருக்கட்டும் என்று அனுப்பியது, எதற்குமே ஆகாமல் போன இடம் அது. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் உதவும் எண்கள் சின்னவை: 112, 100, பெண்களுக்கு 181. குழந்தை என்றால் 1098. பணம் பறிபோனால் 1930. மழை, வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இவற்றை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். இவற்றைத் தாராளமாகப் பகிருங்கள், நான் தடுக்க மாட்டேன்.

அடுத்தது, யார் சொன்னது? "நாசா எச்சரிக்கை" என்று வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கும் நாசா பெயரில் அப்படி ஒன்று வந்தது. கூடவே முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவனுக்கு முதலைச் செய்தி அனுப்பிய புண்ணியவான் யாரோ! பண்ணைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தார்கள். உண்மையான எச்சரிக்கைக்குச் சொந்தக்காரர் இருப்பார். வானிலை மையம், கலெக்டர் அலுவலகம், போலீஸ் கமிஷனர் என்று யாராவது ஒருவர் தேதி போட்டு அவர்கள் பக்கத்திலேயே வெளியிட்டிருப்பார்கள். சொந்தக்காரர் இல்லாத மாட்டைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டோம்.

படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். போன வருஷத்துச் சிறுத்தை இந்த வருஷம் மருதமலைக்கு வந்ததா என்று தெரிந்துவிடும். தெரியாதவர்கள் பின்வரிசைத் தம்பிகளைக் கேளுங்கள், அவர்களுக்கு அரை நிமிஷ வேலை. தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது, யூடர்ன் போன்ற தமிழ்த் தளங்கள் இருக்கின்றன. கோவைக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு, 2022-இல் நகரப் போலீஸ் தொடங்கிய 'போலீஸ் அக்கா' திட்டம் இருக்கிறது. அந்த அக்காவிடமே கேட்கலாம். இது எதுவும் முடியாதா? அந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். "ஏனுங் மச்சான், உங்க ஊர்ல அணை ஒடஞ்சிருச்சாமே?" கொங்கு நாட்டில் சொந்தம் இல்லாத ஊர் எது?

எல்லா எச்சரிக்கையும் பொய் என்று நான் சொல்லவில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி, போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, பெரியவர்களின் சேமிப்பைச் சுருட்டுகிறார்களே, அது நிஜம். அதைப் பற்றி மத்திய அரசே எச்சரித்திருக்கிறது. அனுப்புங்கள். ஆனால் பத்துப் பொய்க்கு நடுவே அந்த ஒரு நிஜத்தை அனுப்பினால் யார் படிப்பார்கள்? நாம் தினமும் புலி வருது என்று அனுப்பியதால்தான், புலி வந்த அன்றைக்கு நம் அம்மா அந்தச் செய்தியைத் திறக்காமலே தள்ளிவிட்டாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கஷ்டமான வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும், நீங்கள் கடைசியாக அனுப்பிய எச்சரிக்கையைத் தேடி எடுங்கள். சரிபாருங்கள். பொய் என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதே குழுவில், அதே ஆட்கள் முன்னால், "நான் அனுப்பியது தப்பு" என்று எழுதுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பெட்ரோல் விஷயத்தில் நான் அப்படி எழுதினேன். ஆறு குழுவிலும் எழுதினேன். இரண்டு நாள் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் வெள்ளகோவிலில் இருக்கிற என் பெரியப்பா மகன் பதில் போட்டார்: "அடடா, நான் அதை நம்ம மில்லு ஆளுங்க நாப்பது பேருக்கு அனுப்பிட்டனே தம்பி. இப்ப நானும் எழுதணுமா?"

எழுதினார்.